வள்ளத்தில் நின்ற குதிரைவால்

அந்தக் கழுதை செத்தது என்னால். பழியை ஒரு செடியின் மேல் போட்டதும் நான்தான். கழுதை செத்தது என் கவலையீனத்தால். பழி போட்டது தெரிந்தே செய்தது. அந்தச் செடியை வளர்த்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு அவரை நல்லவர், வேடிக்கையானவர் என்றெல்லாம் எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

ஊர் அவரைக் கப்பல்காரர் என்றது. சரக்குக் கப்பல்களில் எந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மன்னார்த் தீவில் தாராபுரத்தைத் தாண்டி, தலைமன்னார் றோட்டோரம் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் பனைமட்டை வேலி. நான் பாடசாலையில் உயிரியல் படிப்பித்து, அதிபராகி, ஓய்வு பெற்ற பிறகு அங்கே குடிவந்தேன். வந்த முதல் வாரமே வேலிக்கு அப்பால் இருந்து ஒரு கூச்சல்.

"சேர்! சேர்! ஓடி வாங்கோ! பிந்தினா முடிஞ்சிடும்!"

வீடு தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியில் தண்ணீரோடு ஓடினேன். அவர் நிலத்தில் குந்தி இருந்தார். எறும்புகள் ஒரு தும்பியின் இறக்கையை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"பாய்மரம் சேர், பாய்மரம்! காத்துக்கு எப்பிடிச் சாயுது பாத்தியளோ?"

நான் வாளியோடு நின்றேன். "வந்ததுதான் வந்தியள், அந்தத் தண்ணியை இந்த முருங்கைக்கு ஊத்திவிடுங்கோ" என்றார்.

அவரால் எதையும் தனியாகப் பார்க்க முடியாது. பார்த்தால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். இதுதான் அவர். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது என் முழங்கையை இடித்தார். நிறக் கண்ணாடி வழியாக வந்த வெயில் ஃபாதரின் வழுக்கைத் தலையில் பச்சையாக விழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. "இப்ப சிவப்புக்கு வரும் பாருங்கோ" என்றார். வந்தது. எங்கள் வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பக்தியில் என்று ஃபாதர் நினைத்திருக்கலாம்.

கண்ணில் படர்ந்திருந்த பூவைச் சத்திரசிகிச்சையில் அகற்றி, கட்டு அவிழ்த்த அன்று அவர் முதலில் செய்தது வைத்தியரின் கையைப் பிடித்ததுதான். "டொக்டர், உங்கட கையிலை மயிர் ஒவ்வொண்டாத் தெரியுது! நீங்களும் பாருங்கோவன்!"

பூநாரைகள் வந்து கடல்நீரேரியில் இறங்கும் காலத்தில் அவர் றோட்டின் நடுவில் நின்று பஸ்ஸையே மறிப்பார். கொண்டக்டர் கதவில் தொங்கியபடி, "ஏறுறியளோ அண்ணை?" என்பார். "இல்லை, இறங்குங்கோ! எல்லாரும் இறங்குங்கோ!" முணுமுணுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் திரும்பி ஏறும்போது சிரித்துக்கொண்டு ஏறுவதை நான் வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் இறங்கிப் போனதில்லை. என் மனைவி போவார். புட்டு அவிக்கும் கையோடு, மாவு உதிர உதிர ஓடுவார்.

"இந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோ?" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன வேலை இருக்கு?" என்பார்.

இனிச் செடி. கடைசிக் கப்பல் பயணத்தில் சிலி நாட்டின் வடக்கே ஒரு துறைமுகத்தில் நின்றிருக்கிறார். பாலைவனம். அதற்குள் ஒரு ஆறு. ஆற்றுத் தண்ணீர் உப்புக் கலந்தது. அதன் கரையில் ஆளைவிட உயரமாக, இலையே இல்லாமல், பச்சைக் குழாய்களை நட்டதுபோல ஒரு காடு நின்றதாம். அந்தக் காட்டைப் பார்த்தபோது பக்கத்தில் கூப்பிட ஒருவரும் இல்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. சட்டத்துக்கு மாறு என்று தெரிந்தும் கிழங்குவேரில் ஒரு துண்டை ஈரச்சேற்றோடு பால்மா டின்னில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஊராட்களை எல்லாம் சிலிக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாதல்லவா?

நடுவதற்கு அவர் எடுத்தது அடி வெடித்த ஒரு ஃபைபர் மீன்பிடி வள்ளம். வெடிப்பை அடைத்து, வளவு மணலில் விளிம்பு வரை புதைத்து, நானாட்டான் குளத்துச் சேற்றை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து நிரப்பினார். குளித்த தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் ஒரு குழாய் வழியாக அதற்குள் போயின. மிச்சத்துக்குக் கிணறு. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் உப்புப் போட்டுக் கஞ்சி குடிப்பதுபோல இருக்கும்.

முளை கண்ட அன்று வழக்கம்போலக் கூச்சல். போய்ப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் வந்துபோகிற குதிரைவால். அதிலும் இது இராட்சத இனம்.

"இது பூக்காது, காய்க்காது. வித்தும் இல்லை" என்றேன். "பேர்ண் என்கிற பன்னத்தின் உறவு. இதன் முன்னோர்கள் பூ என்று ஒன்று உலகத்தில் வருமுன்பே மரம் மாதிரி நின்றவை."

"டைனசோர் மேஞ்சதோ சேர்?"

"டைனசோருக்கும் முந்தியது."

அவர் கண்கள் விரிந்ததை இப்போதும் மறக்கவில்லை. அன்றிலிருந்து வீதியால் போகிற ஒவ்வொருவரிடமும், "டைனசோருக்கும் முந்தினது! சேரே சொன்னவர்!" என்று சொன்னார். என் பெயரைச் சேர்த்தால் எதையும் ஊர் நம்பும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று நான் இன்னொன்றும் சொன்னேன். "இந்த உப்புத் தண்ணியிலை இது நிற்காது. ஒரு கோடை தாங்காது."

தாங்கியது. கோடையில்தான் எழும்பியது. என் பெருவிரல் பருமனில், வரி வரியாக, மூங்கிலைப்போலக் கணுக்கணுவாக ஏறியது. ஒவ்வொரு கணுவிலும் கறுத்த பற்கள் வைத்த ஒரு சிறு உறை. அதுதான் அதற்கு இலை. உறைக்குக் கீழிருந்து மெல்லிய கிளைகள் குடைக்கம்பிகள்போல வட்டமாக விரியும். தண்டைக் கணுவில் இழுத்தால் 'டப்' என்று கழன்று வரும். உள்ளே வெறும் குழாய். தோலில் பளிங்கு மணலின் சத்து ஏறியிருப்பதால் மரம் தேய்க்கும் தாளைப்போலச் சொரசொரப்பு. அவர் ஒரு பிடி ஒடித்துக் கேத்தலைத் தேய்த்துக் காட்டினார். கேத்தல் மின்னியது. உடனே அந்தக் கேத்தலைப் பார்க்கத் தெருவையே கூப்பிட்டார்.

தனித்தண்டு என்றால் அந்த உயரத்துக்குச் சாய்ந்துவிடும். தண்டுகள் ஒன்றின் கிளைக்குள் ஒன்று கிளையைக் கோத்து, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. வள்ளத்துக்குள் இருந்து ஆயிரம் பாய்மரம் எழும்பியதுபோல. எங்கள் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகள் வரும், மூக்கை நீட்டி மணக்கும், தும்மிவிட்டுப் போகும். "கழுதைக்கும் தன்ரை பல்லிலை பயம் இருக்கு சேர்" என்பார்.

ஒரு கோடை தாங்காது என்று நான் சொன்னதை அவர் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. மற்றவர்கள் விடவில்லை. "சேர், ஒரு கோடை எண்டியள்?" என்று தபால்காரர்கூடச் சிரித்தார். எனக்கு அது எரிந்தது.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு முற்றத்தில் பந்தல் போட்டோம். நானாட்டானில் பெரிய பதவியில் இருந்த என் பழைய மாணவர் பிரதம விருந்தினர். நான் ஒரு உரை தயாரித்து வைத்திருந்தேன். கேக்கில் கத்தியை வைக்கிறேன், வேலிக்கு அப்பால் இருந்து அந்தக் குரல்.

"ஓடி வாங்கோ! எல்லாரும் ஓடி வாங்கோ! கூரையைத் தாண்டிட்டுது! உச்சியிலை மொட்டு மாதிரி ஒண்டு வந்திருக்கு!"

ஓடினார்கள். சாப்பாட்டுப் பார்சல்களைக் கையில் பிடித்தபடியே ஓடினார்கள். பிரதம விருந்தினர் வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் குனிந்து போனார். படம் பிடிக்க வந்தவனும் போனான். அந்த நாளின் புகைப்பட அல்பத்தில் நான் கேக் வெட்டும் படம் இல்லை. செடியின் படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் என் மனைவி வாயைத் திறந்து அண்ணாந்து நிற்கிறார். அத்தனை மகிழ்ச்சியாக அவரை வேறெந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

மாலையில் பார்சல் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் லஞ்ச் சீற்றுகளும் பொலித்தீன் பைகளும் பந்தல் முழுக்கக் கிடந்தன. "எரிச்சுப்போட்டு வாங்கோ" என்றார் மனைவி. நான் கோபத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் அள்ளிப் பின்வேலிக்கு வெளியே குவித்துவிட்டு வந்து படுத்தேன். மறுநாளும் எரிக்கவில்லை. கறி மணத்துக்கு ஒரு கழுதை வந்து அந்த லஞ்ச் சீற்றுகளைத் தின்றது. காதில் ஒரு வெட்டு இருந்த பெட்டைக் கழுதை. யன்னலில் இருந்து கண்டேன். ஒருமுறை "சூ" என்றேன். அது போகவில்லை. நான் எழும்பவும் இல்லை.

சில நாட்கள் அது வயிறு ஊதி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தது. ஒரு விடியற்காலை கப்பல்காரரின் வேலியோரம், வள்ளத்துக்கு நேரே செத்துக் கிடந்தது. முதலில் கண்டவன் நான். அதன் வாயோரத்தில் லஞ்ச் சீற்றின் நுனி தெரிந்தது. இழுத்தேன், வரவில்லை. வெளியே தெரிந்ததை மட்டும் கிழித்து, உடுத்திருந்த சாரத்தின் மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். ஏன் செருகினேன் என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை.

ஆட்கள் கூடினார்கள். ஆடு வளர்க்கும் ஒரு பெண் முன்னுக்கு வந்தார். "சேர், என்ரை ஆடுகளும் இதிலைதான் மேயிறது. இந்தப் பூண்டு நஞ்சோ?"

"குதிரைச் சாதிக்கு இது நஞ்சு என்று புத்தகத்திலை இருக்கு."

"கழுதை குதிரைச் சாதியோ?"

"ஓம்."

இரண்டும் உண்மை. குதிரைவால் குதிரைகளுக்கு ஆகாது என்று எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். பொய்யே சொல்லாமல் நான் செய்த பொய் அது.

கப்பல்காரர் என்னையே பார்த்தார். "சேர், அது ஒருநாளும் தின்னேல்லையே. மணந்துபோட்டுப் போறது. நீங்களும் கண்டனீங்கள்தானே?"

"நீங்கள் நித்திரை கொள்ளேக்கை என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றேன்.

அவர் கழுதையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சேர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். யாரும் கேட்குமுன்பே கத்தியை எடுத்து வந்து தானே வெட்டினார். தண்டுகள் ஒவ்வொன்றாக 'டப், டப்' என்று விட்டன. கணுக்களுக்குள் இருந்து தண்ணீர் தெறித்து அவர் முகமெல்லாம் ஈரம். உச்சியில் அந்த மொட்டு, வித்துக்குப் பதிலாக இந்தச் சாதி பரப்பும் வித்தித்தூள் அடைத்த கூம்பு, இன்னும் விரியாமல் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். வாயைத் திறந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

அன்றோடு நின்றது. அந்த மாரியில் பூநாரைகள் வந்தபோது அவர் வாசல் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். பஸ் வந்தது, போனது. என் மனைவி கேட்டார், "ஏனப்பா, இப்ப இவர் கூப்பிடுறேல்லை?" நான் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்த அமைதி கிடைத்துவிட்டது. அந்த அமைதிக்குள் இருந்து ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. சிறிது காலத்தில் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு உயிலங்குளத்தில் மகளோடு இருக்கப் போய்விட்டார்.

மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அரிசி அரித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு அரித்து முடித்தார். "எனக்குச் சொல்லி என்ன? பஸ் இருக்கு, போங்கோ" என்றார்.

உயிலங்குளத்தில் அவர் மகளின் வீட்டுக்கு முன்னால் வயல். வரம்போரம் ஒரு கதிரை போட்டு இருந்தார். என்னைக் கண்டதும், "சேர், வாங்கோ" என்று எழும்பினார். நான் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லஞ்ச் சீற், சாரத்து மடிப்பு, எல்லாம். அவர் முகம் கறுத்தது. அவர் கோபப்பட்டு நான் கண்டது அன்றுதான்.

"என்ரை கையாலை வெட்டுவிச்சுப்போட்டியள். என்ரை கையாலை! உங்கட பேரைச் சொல்லிச் சொல்லி வளத்த செடி ஐசே அது! படிச்ச மனுசன், ஒரு கழுதையின்ரை வாய்க்குள்ளை..." சட்டென்று நிறுத்தினார். கை வயல்பக்கம் நீண்டது. "அங்கை பாருங்கோ! அங்கை, அங்கை! கொக்கு உழவு மெசினிலை ஏறி நிண்டு வருது!"

பார்த்தேன். உழவு இயந்திரத்தின் முகப்பில் ஒரு கொக்கு, கண்காணி மாதிரி நின்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. உடனே கோபம் நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களைக் கூப்பிடேல்லை. வாய்ப் பழக்கம்."

"மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"எனக்கு ஏன் சொல்லுறியள்? நஞ்செண்டு ஊருக்குச் சொன்னனீங்கள். ஊருக்குச் சொல்லுங்கோ."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையில் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். "ஒரு கழுதைதானே சேர், விடுங்கோ" என்றார்கள். "உங்களுக்கு வயசுபோட்டுது, இதுகளை யோசிக்காதேங்கோ" என்றார்கள். ஆடு வளர்க்கும் பெண் மட்டும் போகாமல் நின்றார். "அப்ப அந்த மனுசன்ரை செடிக்கு என்ன கணக்கு சேர்?" என்றார். அவர் மட்டும்தான் சரியாகக் கேட்டார்.

குதிரைவாலின் கிழங்குவேர் ஆழம் போகும். மேலே வெட்டினால் சாகாது. தண்ணீர் கிடைத்தால் மறுபடி முளைக்கும். இதையும் நான் புத்தகத்தில் படித்திருந்தேன், ஊருக்குச் சொல்லவில்லை. அவரிடம் தொலைபேசியில் கேட்டேன், உங்கள் வளவுக்குள் போகலாமா என்று. "போறதெண்டாப் போங்கோ" என்றார். வள்ளத்தின் சேறு பாறையாக இறுகிக் கிடந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீருக்கு வேலிக்கு அடியால் ஒரு குழாய் இழுத்தேன். மிச்சத்தை வாளியால் அள்ளி ஊற்றினேன். ஆட்டுக்காரப் பெண் தன் ஆடுகளை மறுபக்கம் கட்டிவிட்டு, தானும் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போவார்.

முளை வந்தது! சேற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுத்த கூர்முனை. பக்கத்தில் இன்னொன்று. அவருக்குச் சொன்னேன்.

"எவ்வளவு உயரம்?"

"ஒரு சாண் இருக்கும்."

"சேர், சாண் எண்டு சொன்னா ஆர் வருவினம்? இடுப்பளவு எண்டு சொல்லுங்கோ. அது வந்திடும்."

வந்தது. இடுப்பைத் தாண்டியது, என்னைத் தாண்டியது, அடுத்த கோடையில் கூரையைத் தொட்டது. அவருக்கு அப்போது உடம்பு சரியில்லை. அறுவடை முடிய வருகிறேன் என்றார், வர முடியவில்லை. ஒரு காலை உச்சியில் கூம்பு வெடித்திருந்தது. ஏணி வைத்து ஏறித் தட்டினேன். உள்ளங்கையில் பச்சைத் தூள். பழைய நுணுக்குக்காட்டியை விறாந்தை மேசையில் வைத்துக் கண்ணாடித் துண்டில் ஒரு துளி தூளைத் தூவினேன்.

பச்சை உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கைகள். என் மூச்சுப் பட்டதும் எல்லாம் கைகளைச் சுருட்டி உருண்டையைக் கட்டிக்கொண்டன. மூச்சின் ஈரம் காய்ந்ததும் கைகளை விரித்துத் துள்ளின! மறுபடி ஊதினேன். சுருண்டன. காய்ந்தன. துள்ளின! ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கூத்தாடுவதுபோல. முப்பது வருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்திருக்கிறேன், ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

கைத்தொலைபேசியில் அவரைப் பிடித்தேன். "துள்ளுது! கை வச்சுத் துள்ளுது! ஊதினாச் சுருளுது, காய்ஞ்சாத் துள்ளுது!"

"மெய்யாவோ? ஆர் ஆர் பாத்தது?"

"நான்தான்."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. எழும்பி இருந்திருக்க வேண்டும். "பிறகு எனக்கு ஏன் சொல்லிக்கொண்டு நிக்கிறியள்? றோட்டுக்குப் போங்கோ சேர்! பிந்தினா முடிஞ்சிடும்!"

அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. ஆனால் அன்று இருந்தார். தொலைபேசியை நிறுத்தாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். தலைமன்னார் பஸ் தூரத்தில் வந்தது. றோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தேன். பஸ் நின்றது. கொண்டக்டர் கதவில் தொங்கியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறுறியளோ சேர்?"

"இல்லை" என்றேன். "இறங்குங்கோ. எல்லாரும் இறங்குங்கோ."

வாழ்நாள் முழுக்க வகுப்பில் அதட்டிய குரல், அது எனக்கே கேட்கவில்லை. பைக்குள் இருந்து அவர் கத்தினார்.

"சத்தம் காணாது சேர்! இன்னும் பலமாக் கூப்பிடுங்கோ! சத்தம் காணாது!"